சோபாவில் உடைந்த பிரேசில்

உட்கார்ந்ததும் 'படக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

"சோபா காலா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"இல்ல," என்றார் அவர். எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. "பிரேசில்."

நகராட்சியில் சாக்கடைக் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவர் அவர். இரண்டு மாதத்துக்கு முன்புவரை பிரேசில் என்றால் கால்பந்தும் காப்பிக்கொட்டையும்தான் தெரியும். பிறகு, பழைய பிரேசில் பாப், ஜாஸ், ஃபங்க் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்துக் கேட்கும் குழு ஒன்றில் சேர்ந்தார். மறுவாரமே, போசா நோவா என்கிற அந்த ஊர் இசை தெரியாத ஜனங்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருந்தது. அலுவலகத்தில் 'போசா' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். உடைந்தது அவருடைய இசைத்தட்டு. நாற்பது வருஷத்துக்கு முந்தியது, உலகத்திலேயே மூன்றுதான் மிச்சம் என்பார். போன சனிக்கிழமை போசாவின் கடைவாய்ப் பல்லைப் பாதி குடைந்து, பஞ்சு வைத்து அடைத்துவிட்டு, அந்த இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தார்.

"மீதிப் பல்லை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கலாம். அதுவரைக்கும் இதைக் கேளுங்க. வார்த்தையே இல்லாம வெறும் முனகல்லயே பாடியிருப்பா. கேட்டு அழலைன்னா, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு விட்டுடுவேன்."

போசா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போனார். குழுவின் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் அதைக் 'கடலோரத் தியானம்' என்று குறிப்பிட்டிருந்தார்.

இப்போது வியாழக்கிழமை.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"சொல்லலாம். அவர் கையில டிரில் இருக்கும். என் வாய் தொறந்திருக்கும்."

அதற்குமேல் அவளும் வற்புறுத்தவில்லை.

விளிம்பிலிருந்து ஒரு பெரிய துண்டு கழன்றிருந்தது. போசா பசை வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். துண்டு இசைத்தட்டில் ஒட்டவில்லை. இசைத்தட்டு மேஜையில் ஒட்டிக்கொண்டது. ஸ்குரூடிரைவரால் நெம்பியதில் இரண்டு துண்டு ஐந்தானது. அதில் ஒன்று கடைசிவரை மேஜையை விட்டு வரவேயில்லை.

"இனிமே சாப்பாட்டை எங்க வைக்கிறது? அந்தப் பாட்டுக்காரி தலைமேலயா?"

போசா பழைய சாமான் கடைக்கு ஓடினார்.

"எந்தப் பாட்டு சார் வேணும்?"

"எதுவானாலும் சரி. கறுப்பா, வட்டமா, இதே அளவுல இருக்கணும்."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டு கேக்குற யாரும் இப்படிக் கேட்டதில்ல சார்."

கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார். 'டக டக டக டக, டிங்!' அந்தக் காலத்துத் தட்டச்சுப் பள்ளி எதுவோ பயிற்சிக்காகப் போட்ட இசைத்தட்டு.

"எனக்கு அழுகையே வந்துடுச்சு," என்றாள் மனைவி.

நல்லவேளை, உடைந்ததில் நடுவிலிருந்த லேபிள்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. போசா ஈரத்துணியை வைத்து மெல்ல இழுத்தார். தொட்டதுமே உரிந்து வந்துவிட்டன. நாற்பது வருஷம் கழித்தும் இப்படிப் பதமாக இருக்கிறதே, பிரேசில்காரன் பசையிலும் கலைஞன்தான் என்று மெய்சிலிர்த்தார். அவற்றைத் தட்டச்சின் மேல் ஒட்டி, உறையில் போட்டு, யாரும் உட்காராதபடி பரணில் வைத்தார். டாக்டர் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார், அத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை கிளினிக்கில் டாக்டர் ஈறில் ஊசி போட்டுவிட்டு, உறையை வாங்கி முத்தமிட்டார்.

"இன்னிக்கு இதைக் கேட்டுக்கிட்டேதான் உங்க பல்லைக் குடையப்போறேன், போசா! வெளிய நம்ம குழு மொத்தமும் வந்து உக்காந்திருக்கு. எல்லாம் உங்க கட்டுரையைப் படிச்ச வேகம்!"

திருடனுக்குத் தேள் கொட்டினால்கூட வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். போசாவுக்கோ வாய் அகலத் திறந்திருந்தது, நாக்குதான் மரத்துப்போயிருந்தது. இரண்டு மாதமாகத்தான் நாலு பேர் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பல் போனால் கட்டிக்கொள்ளலாம். அந்த நாலு பேரும் சிரித்துவிட்டால் மறுபடி சாக்கடைக் குழாய்தான். கண்ணில் நீர் முட்டியது.

"ஆஹ... ஹாஹ்ஹர்... அஹு..." என்றார்.

"பார்த்தியாம்மா? இன்னும் ஊசி பாட்டு மேல படவேயில்ல, அதுக்குள்ள அழறாரு! இவருதான் ரசிகர்!" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். "நான் போய் எல்லாருக்கும் ரெண்டு வார்த்தை முன்னுரை சொல்லிட்டு வரேன். நீ தட்டைப் போட்டு வை."

டாக்டர் வெளியே போனார். அந்தக் கிளினிக்கில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கும் நர்ஸ், உறையிலிருந்து இசைத்தட்டை உருவினார். போசா நாற்காலியில் இருந்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்துச் சீட்டை இழுத்து, அவசரமாகக் கிறுக்கினார்: 'நான் உடைத்துவிட்டேன். உள்ளே இருப்பது வேறு. தயவுசெய்து போடாதீர்கள்.'

நர்ஸ் படித்தார். லேபிளை விரலால் தடவிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வெளியே, அந்த முனகலில் பொங்கும் கடலைப் பற்றி டாக்டர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"பயப்படாதீங்க சார்," என்றார் நர்ஸ். "அசல் தட்டை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துலயே உடைச்சு, லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். நீங்க உடைச்சது, எங்க அப்பா மெத்தை வாங்கினப்போ, நல்லாத் தூக்கம் வரட்டும்னு கடைக்காரன் இலவசமாக் குடுத்தது."