கேஸ் இல்லாத ஒயினை ரிப்பேர் செய்த விவரம்

அன்பு மச்சான் டெனிஸுக்கு,

இரும்புலியூர் சோடா கம்பெனி அத்தான் பாக்கியநாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அக்கா ஜெயசீலியும் சுகம். எனக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. அதை அவளிடம் சொல்லிவிடாதே. மெல்பர்னில் நீயும் வீட்டாரும் உன் மகன் மாப்பிள்ளை ஜாய்சனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இந்தச் சங்கதியை ஃபோனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய். காகிதத்திடம் கத்த முடியாது, அதனால்தான் கடிதம்.

போன மாதம் லீவில் வந்தபோது ஒரு ஒயின் பாட்டிலை அக்கா கையில் கொடுத்து, சிட்லபாக்கம் அசரியா சாரிடம் சேர்க்கச் சொன்னாய். அவர் மகள் எப்சியை ஜாய்சனுக்குக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது, மனுஷன் யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்று இழுக்கிறார், பாங்க் மேனேஜராக இருந்தவர், பிரான்ஸில் மூத்த மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கி ஒயின் ருசி கற்றுக்கொண்டு வந்தவர், இந்த ஒரு பாட்டிலில்தான் கல்யாணமே இருக்கிறது என்றாய். சரி. சனிக்கிழமை மத்தியானம் அக்கா சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சமையல்கட்டு அலமாரியில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், குதிரைப் படம் போட்ட உன் பாட்டில் இருந்தது. முப்பது வருஷமாக சோடாவும் கலரும் போட்டு விற்கிறவன் நான், சரக்கைச் சோதிக்காமல் ஒரு நாளும் கைமாற்றியதில்லை. மூடியைத் தொட்டேன், லொடலொடவென்று சுற்றியது. திறந்தால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வர வேண்டாமா? துக்க வீடு மாதிரி அமைதி. ஒரு மூடி அளவு வாயில் ஊற்றினேன். டெனிஸ், என் இடது கண் தானாக மூடிக்கொண்டது. புளிப்பு காது வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

உனக்கே தெரியும், எனக்குக் காலையில் டீ, பதினோரு மணிக்கு மோர், வெயில் ஏறினால் நன்னாரி, சாயங்காலம் பன்னீர் சோடா. தினம் குடிக்கிற பானம் என்றால் நாக்கில் இனிக்கணும், தொண்டையில் கடிக்கணும், கடைசியில் ஒரு ஏப்பம் வரணும். ஏப்பம்தான் ரசீது. கேஸ் போன இந்தச் சரக்கை நீட்டினால் அசரியா சார் பெண்ணைக் கொடுப்பாரா, பினாயிலைக் கொடுப்பாரா? கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பங்கு ஒயினுக்கு நாலு பங்கு சர்க்கரைத் தண்ணீர், பன்னீர் எசன்ஸ் எட்டுச் சொட்டு, மெஷினில் வைத்து நல்ல பிரஷரில் கேஸ். ஒரு பாட்டில் ஐந்து பாட்டிலாயிற்று. உன் குதிரைப் பாட்டிலிலேயே ஒன்றை நிரப்பி, மூடியை முறுக்கி, மேலே டேப் சுற்றி, ஸ்கூட்டரில் கால் இடுக்கில் நிறுத்திக்கொண்டு கிளம்பினேன். சிட்லபாக்கம் ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையும் அந்தப் பாட்டில் எண்ணியிருக்கும்.

அசரியா சார் ஜிப்பாவோடு தயாராக இருந்தார். மேஜையில் காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸ், பக்கத்தில் அவர் சம்சாரம், எப்சி. டேப்பைப் பிரித்து மூடியை அரைச் சுற்றுதான் சுற்றினார். அது கிளம்பி, ஃபேனில் பட்டு, மீன் தொட்டியில் விழுந்தது. மேஜை விரிப்பெல்லாம் நுரை, அவர் மூக்கு நுனியிலும் நுரை. கல்யாணம் போச்சு என்று நான் செருப்பு இருக்கும் பக்கம் பார்த்தேன். அவர் மூக்கைத் துடைக்காமலே, ஜெபம் பண்ணுகிற குரலில், “ஸ்பார்க்ளிங்” என்றார்.

அப்புறம் பார்க்கணுமே! கிளாஸைச் சுற்றுகிறார், மோந்து பார்க்கிறார், ரோஜா வருதுங்கிறார், அடியில பழைய பீப்பாய் வாசனை வருதுங்கிறார். எந்த ஊர்த் தோட்டம் என்று கேட்டார். தெற்குப் பக்கம் என்றேன். தாம்பரத்துக்குத் தெற்கேதானே நம்ம கம்பெனி, இதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கும் இரண்டு கிளாஸ் கொடுத்தார், மரியாதைக்குக் குடித்தேன். மூன்றாவது கிளாஸில் அவருக்கு ஒரு ஏப்பம் வந்தது பார், மீனெல்லாம் தொட்டியின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது. வீட்டம்மா முறைத்தார். “பிரான்ஸ்ல கூட எனக்கு இது வரலடி” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து கீர்த்தனை பாட ஆரம்பித்தார். எப்சி என்னை வாசல் பக்கம் கூப்பிட்டு, “அங்கிள், ஜாய்சன்கிட்ட சொல்லிடுங்க. அப்பா ரிட்டையர் ஆனதுலேர்ந்து இப்பதான் பாடுறாரு” என்றாள். நல்ல பெண், டெனிஸ். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், ஆனால் எனக்கு கேஸ்.

கடைசியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாக்கியநாதன், இப்படி ஒரு பாட்டிலைத் தேடிப் பிடிக்கத் தெரிஞ்ச வீட்டுக்கு என் பொண்ணைக் கொடுக்கலாம். ஆனா நிச்சயதார்த்தத்துக்கு இதேதான் வேணும். இருபது பாட்டில்” என்றார்.

கிளம்பும்போது எனக்குத் தலை லேசாக இருந்தது, கால் தரையில் பாவவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற ஆள் நானில்லை. சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கான்ஸ்டபிள், “இன்னா பெரியவரே, பெட்ரோல் இல்லியா?” என்றார். குடித்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். ஊதச் சொன்னார், ஊதினேன், ஜீரோ காட்டியது. “ஒண்ணியும் இல்ல, ஓட்டிகினு போ” என்றார். மெஷின் ரிப்பேர் சார், பார்த்து மாத்துங்க என்று நல்லதுக்குத்தான் சொன்னேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம்.

ஆக, சம்பந்தம் முடிந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது அதே குதிரை மார்க்கில் நாலே நாலு பாட்டில் கொண்டு வா, மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். நல்லதாகத் தேடாதே. மூடி லூசானதாக, நன்றாகப் புளித்ததாகப் பார்த்து எடு. ஜாய்சனுக்கு எங்கள் ஆசீர்வாதம். மாமனார் எதிரில் ஏப்பம் விட இப்போதே பழகச் சொல். உங்கள் வீட்டுக் கிளாஸ் ஒரு நாளும் வற்றாமலிருக்க ஆண்டவர் அருள் செய்வாராக.

இப்படிக்கு,
அத்தான் பாக்கியநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் அக்கா இதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். நீ கொடுத்த பாட்டில் குளிர்ச்சிக்காக அரிசி டிரம்முக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறதாம். நான் எடுத்தது நீ போன வருஷம் கொண்டு வந்த பழைய காலி பாட்டில். மீன் ஊறுகாய்க்காக அவள் போட்ட திராட்சை வினிகரை அதில் ஊற்றி வைத்திருக்கிறாள். கான்ஸ்டபிள் மெஷின் நல்ல மெஷின். ஒன்றரை மணி நேரம் வண்டி தள்ளினது வினிகருக்காக. நீ ஒன்றும் கொண்டு வர வேண்டாம், அக்காவிடம் இன்னும் ஒரு ஜாடி இருக்கிறது. அசரியா சாரிடம் மட்டும் ஆயுசுக்கும் வாயைத் திறக்காதே. உன் நிஜ பாட்டிலை இப்போதுதான் திறந்து ஒரு வாய் பார்த்தேன். இதிலும் கேஸ் இல்லை. வினிகரே தேவலை.