மாமாவின் காலடியில் மண்ணுளி

துக்க வீட்டுக்கு வருகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்டிருந்தால் எங்கள் குடும்பத்தில் என் பெயர் இவ்வளவு கெட்டிருக்காது.

உலக யுத்தம் நடந்த காலம். திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் உதவியாளன். மண்ணுளிப் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்று எங்கள் பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக அரியலூர்ப் பக்கம் அலைந்து, வயிறு பருத்த பாம்பு ஒன்றைப் பிடித்தேன். அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பும்போதுதான் விக்கிரமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. தாய்மாமா இறந்துவிட்டார். என்னைப் படிக்கவைத்தவர். பையோடு அப்படியே ஓடினேன்.

வாசலிலேயே உறவுக்காரப் பெண் ஒருத்தி பையை வாங்கிக்கொண்டாள். "அரிசியே கெடைக்காத காலத்துல எம்மாம் வாய்க்கரிசி கொண்டாந்துருக்கான் பாருங்க!"

மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நான் உடைந்துபோனேன். பையின் நினைவே இல்லை.

அவள் முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டாள். அடுத்து ஓர் அலறல், பை கீழே விழுந்தது. வழியிலேயே பாம்பு ஈன்றிருந்தது. குட்டிகள் மாமாவின் காலடியில் நெளிந்து சிதறின. பறை நின்றது. நொடியில் வீடு காலி. உள்ளே மாமாவும் அத்தையும் நானும்தான்.

"விஷம் இல்லீங்க!" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. (மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்பது ஊரின் முடிவு.) தாய்ப்பாம்பைப் பைக்குள் தள்ளிவிட்டு, முழங்காலிட்டு அழுதுகொண்டே குட்டிகளைப் பொறுக்கினேன்.

தெருவிலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். "மொத்தம் எத்தினிடா? எல்லாத்தையும் புடிச்சாத்தான் தூக்குறவங்க உள்ள வருவாங்களாம்."

"தெரியாதுங்க பெரியப்பா. அதத்தான் ஆராய்ச்சி பண்றோம்."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இத கேக்க அவரு இல்லாம போயிட்டாரே," என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே வாய்விட்டு அழுதாள். அதுவரை அவள் அழவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "எல்லாம் ஆப்புட்டிருச்சு, உள்ள வாங்க," என்றாள். (என்னைவிட அவளுக்கு ஒன்றும் அதிகம் தெரியாது.) அந்த ஒரு வார்த்தையில்தான் மாமா பொழுதோடு காட்டுக்குப் போனார்.

பேராசிரியர் அந்தக் கணக்கு செல்லாது என்று அடித்துவிட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை இலை போடுவது என்று கேட்டால் இன்றும் "ஆராய்ச்சி நடக்குது" என்றுதான் பதில் வருகிறது.

அத்தை மட்டும் அப்படிக் கேலி செய்ததில்லை. சில வருஷம் கழித்துப் பார்க்கப் போனபோது சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"குதிருக்குப் பின்னால ஒண்ணு கெடக்குதுப்பா. நல்லா பெருத்துருச்சு. வூட்டுல எலியே இல்ல. ஒங்க வாத்தியார கணக்குல ஒண்ணு கூட்டிக்கச் சொல்லு."