வியாழக்கிழமை மாமனார்

அன்று பெண் பார்க்கப் போன வேனில் இருந்தவர்கள்: நான், என் அம்மா, தாய்மாமன் ஏழுமலை, இரண்டு அத்தைகள், மடியில் வைக்க இடமில்லாமல் எல்லோர் காலடியிலும் உருண்டுகொண்டிருந்த ஆப்பிள்கள். வராதவர் என் அப்பா. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கவில்லை. "நீங்க போயி முடிச்சிட்டு வாங்க, நான் கல்யாணத்துக்கு வரேன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் அன்று மானத்தோடு தப்பித்த ஒரே ஆள் அவர்தான்.

பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான். முடித்தவன் ஒழுங்காக பி.எட். படித்து வாத்தியார் ஆகியிருக்கலாம். சைக்காலஜி படித்தேன். செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அறை எடுத்து, மனநல ஆலோசகர் என்று போர்டு மாட்டினேன். அன்றிலிருந்து என் வேலை என்னவென்று உறவுக்காரர்களுக்கு விளக்குவதே எனக்கு இரண்டாவது வேலையாகிவிட்டது.

அம்மா ஊரெல்லாம் "என் புள்ள டாக்டரு" என்று சொல்லி வைத்திருந்தார். மாமாதான் விடவில்லை.

"ஊசி போடுவானாக்கா?"

"போட மாட்டான்."

"மாத்திர எழுதுவானா?"

"எழுத மாட்டான்."

"அப்புறம் இன்னாத்துக்கு டாக்டரு?"

"பேசுவான்டா."

"பேசறதுக்கா இத்தினி வருசம் படிக்க வெச்ச? நான் படிக்காமயே பேசிக்கினு கீறேனே!"

(உண்மையில் நான் பேசுவதும் இல்லை. வருகிறவர்கள் பேசுவார்கள். நான் தலையாட்டுவேன். இதை மாமாவிடம் சொன்னால் தலையாட்டத் தனியாகப் படிப்பு இருக்கிறதா என்று கேட்பார். அதனால் சொல்லவில்லை.)

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. நம்மிடம் வருகிறவரை வெளியில் எங்காவது பார்த்தால், நாமாக வணக்கம் சொல்லக் கூடாது. அவர் நம்மிடம் வருகிறார் என்பதே ரகசியம். அவராக வந்து பேசினால் பேசலாம். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்போல் கடந்துபோக வேண்டும். படிக்கும்போது இது எனக்கு ரொம்ப எளிதான விதியாகத் தெரிந்தது.

வேன் திருக்கழுக்குன்றம் தாண்டியது. அம்மா ஜன்னல் வழியாகவே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். பத்து நிமிடத்தில் பெண் வீடு. வாசலில் வெள்ளை வேட்டி சட்டையோடு பெண்ணின் அப்பா கைகூப்பி நின்றார். அவர் பெயர் தணிகாசலம் என்று தரகர் சொல்லியிருந்தார். ஊரில் யாருக்குள் என்ன தகராறு என்றாலும் தீர்த்துவைக்கிற பெரிய மனிதராம்.

எனக்கு அவர் பெயர் சேகர். வியாழக்கிழமை, மாலை ஆறு மணி.

ஆறு மாதமாக என்னிடம் வந்துகொண்டிருந்தவர். பொய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். (பலரும் கொடுப்பார்கள், தப்பில்லை.) தூக்கம் வரவில்லை என்று வந்தார். அதை இப்போது அவரே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். மற்றபடி என்ன சொன்னார் என்று அம்மாவிடமே சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. "எழுது தம்பி, பேரையும் ஊரையும் மட்டும் மாத்திடு" என்று அவர் சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் முகம் வெளுத்தது. என் முகமும் வெளுத்திருக்கும். விதிப்படி நான் அவரைத் தாண்டி, சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்த்தபடி உள்ளே போனேன். மாப்பிள்ளை வரும்போதே மாமனாரை மதிக்கவில்லை என்று அத்தைகள் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

உட்கார்ந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "தம்பி எந்தப் பக்கம் வேல?"

"செங்கல்பட்டுங்க."

"ஓ. நான் அந்தப் பக்கமே வர்றதில்ல."

அவர் மனைவி காபித் தட்டோடு நின்றார். "இன்னாங்க சொல்றீங்க? வியாழக்கெழமன்னா வண்டி சர்வீஸுன்னு செங்கல்பட்டுக்குத்தான போறீங்க?"

"அது... பைபாஸு."

ஆறு மாதமாக வாராவாரம் சர்வீஸுக்குப் போன அந்த மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. ஊரிலேயே ஆரோக்கியமான வண்டி அதுவாகத்தான் இருக்கும்.

காபி குடித்து, பெண்ணும் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போன பிறகு, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய், எனக்கு வழிகாட்டியாக இருக்கிற மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், நான் பொண்ணு பாக்க வந்த வீட்ல, பொண்ணோட அப்பா என் க்ளையண்ட்."

"காபி குடிச்சிட்டியா?"

"குடிச்சிட்டேன் மேடம்."

"கல்யாணம் பண்ண முடியாது. ஏன் முடியாதுன்னும் சொல்ல முடியாது. புரியுதுல்ல?"

"புரியுது மேடம்."

"பொண்ணு எப்படி?"

"நல்லா இருக்காங்க மேடம்."

"ஐயோ பாவம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இதற்குப் பெயர் வழிகாட்டுதல்.

திரும்பி வந்தால், பையனும் பொண்ணும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் பெயர் ரேவதி. அணுபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வெட்கப்பட்டுத் தரையைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். நேராக என்னைப் பார்த்தார்.

"உங்க வேல நெஜமா எப்படி இருக்கும்? யூடியூப்ல சொல்ற மாதிரி சொல்லாதீங்க."

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நான் இப்ப மனசுல இன்னா நெனைக்கிறேன் சொல்லு, என்றுதான் கேட்பார்கள். மடை திறந்துவிட்டேன்.

"பாதி நாள் பயமா இருக்குங்க. ஒருத்தர் எதிர்ல அழுதுகினு இருப்பாரு, எனக்கு வயிறு பசிக்கும். பசிக்குதேன்னு அசிங்கமா இருக்கும். நாலு வாரம் வந்தவங்க அஞ்சாவது வாரம் வர மாட்டாங்க. நல்லாயிட்டாங்களா, என்மேல கோவமான்னு கடைசிவரைக்கும் தெரியாது. சில நாள் நான் சொன்னது சரியான்னு ராத்திரி பூரா யோசிப்பேன். வீட்ல அம்மா இன்னாடா ஒரு மாதிரி கீறன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லணும்."

"யாருக்கும் சொல்ல மாட்டீங்களா? பொண்டாட்டிக்குக்கூட?"

"அவங்களுக்கும்தான்."

அவர் சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது. அதற்கு அடுத்த நிமிடம் அவர் கேட்டார்: "எங்கப்பாவ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஆமாம் என்றால் அவர் அப்பாவின் ரகசியம் போச்சு. இல்லை என்றால் பொய். படித்த படிப்பெல்லாம் திரண்டு ஓடி வந்து என் வாயில் உட்கார்ந்தது.

"அப்படி உங்களுக்கு ஏன் தோணுது?"

"நான் டீச்சருங்க. கேள்விக்குப் பதிலா கேள்விய எழுதி வெச்சா முட்டதான் போடுவேன்."

கீழே இறங்கினோம். மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, "இன்னா மாப்ள, புடிச்சிருக்கா?" என்றார்.

"புடிச்சிருக்கு மாமா. ஆனா முடியாது."

"இன்னாது?"

"முடியாது. காரணம் கேக்காதீங்க."

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினார். ஒரு அத்தை, "நகை பத்தலன்னு நெனைக்கிறான் போல" என்றார். இன்னொரு அத்தை, "எவளாவது இருப்பா செங்கல்பட்டுல" என்றார். மாமா, "படிக்க வெக்காதக்கா, வெக்காதக்கான்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்றார்.

ரேவதியின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பொண்ணுக்கு இன்னாய்யா கொறச்சல்? நீயே சொல்லு."

"ஒரு கொறையும் இல்லங்கம்மா."

"அப்ப இன்னா?"

"சொல்ல முடியாதுங்கம்மா."

"வூட்டுக்கு வந்து, காபி குடிச்சிட்டு, எம் பொண்ணுகூட மாடியில நின்னு பேசிட்டு, இப்ப வாணாம்னா ஊரு இன்னா சொல்லும்?"

ரேவதி கதவோரம் நின்றிருந்தார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் அப்பாவின் மானம், மூடினால் மகளின் மானம். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். என் செருப்பின் மேல் ஆப்பிள் பை இருந்தது.

தணிகாசலம் மகளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"போதும், நிறுத்துங்க. அந்தத் தம்பி வாயத் தொறக்காது. வருசம் பூரா ஒக்கார வெச்சாலும் தொறக்காது. அத நம்பித்தான் நான் அவராண்ட போய்க்கினு கீறேன்."

"எங்க போற?" மரியாதையெல்லாம் போய்விட்டது அந்த அம்மாவுக்கு.

"வியாழக்கெழம. வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் தூக்கம் வர்ல. யாருகிட்டயாவது பேசணும்னு தோணுச்சி. ஊருக்கெல்லாம் நாயம் சொல்றவன் போயி எவன்கிட்ட பேசறது?"

அவர் குரல் கடைசியில் உடைந்தது. என்னுடைய அறையில் நான் பார்த்திருந்த முகம் அது. அவர் வீட்டார் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார்கள்.

அந்த அம்மா தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவர்மேல் வீசினார். "பாவி மனுசா! செங்கல்பட்டுல இன்னொரு வூடு வெச்சிக்கினு கீறன்னு நெனச்சிதானய்யா ஆறு மாசமா நானும் தூங்கல!" என்று சொல்லிவிட்டு, ஓவென்று அழுது, அழுகை முடியும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

என் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அட, தெரிஞ்ச மனுசரா! அப்ப இன்னும் நல்லதாப் போச்சே!"

நல்லதில்லை என்று விளக்கினேன். என்னிடம் மனசைத் திறந்து பேசுகிறவருக்கு நான் மருமகனாக முடியாது, அவரால் அதன்பிறகு பேச முடியாது என்றேன். யாருக்கும் புரியவில்லை. மாமா மட்டும் ஒரு தீர்வு சொன்னார்.

"அவ்ளோதான? அண்ணாத்த வேற டாக்டராண்ட போவட்டும். தாம்பரத்துல இல்லாத டாக்டரா?"

எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். (அப்படி மாற்றிவிட்டுக் கட்டிக்கொள்வதும் தப்புதான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. மேடம் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.) ரேவதியும் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் நிதானமாக யோசித்தார். ஊர்த் தகராறுகளை இப்படித்தான் யோசித்துத் தீர்த்துவைப்பார் போலிருக்கிறது.

"இல்லம்மா" என்றார் மகளிடம். "உனக்கு மாப்ள ஆயிரம் பேரு வருவான். எனக்கு இப்பதான் ராத்திரில கண்ணு மூடுது. திரும்ப மொதல்லேர்ந்து இன்னொருத்தன்கிட்ட எல்லாத்தையும் சொல்ல என்னால ஆவாது."

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அழக் கூடாது என்று சிரித்தேன்.

ரேவதிக்கு அடுத்த தை மாதமே மதுராந்தகத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. அவர் அம்மாவும் என்னிடம் பேச வேண்டும் என்று வந்தார். மேடத்திடம் அனுப்பிவைத்தேன். எனக்கு அம்மா இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேனில் ஏறும் முன் மாமா சத்தமாகக் கேட்பார்: "டேய், அந்த வூட்ல எவனாவது தூங்காம கீறானான்னு விசாரிச்சியா?"

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தியில் இந்தக் கதை உண்டு. கடைசியில் அம்மா விரல் மடக்கிக் கணக்குச் சொல்வார். வேனுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, பூவும் பழமும் ஆயிரத்து இருநூறு, ஸ்வீட் எண்ணூறு, என் புதுச்சட்டை தொள்ளாயிரம்.

"ஒரு பேஷண்டு கைய வுட்டுப் போவாம இருக்க எம் புள்ளைக்கி ஆன செலவு, ஆறாயிரத்து நானூறு ரூவா."