தோப்புக்கரணத்தில் மோதிய சைக்கிள்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒருவருக்குத்தான் ஆசிரியையாக இருந்திருக்கிறேன். அந்த ஒருவரையும் வெங்காயத் தோட்டத்துக்குள் தலைகுப்புற விழுத்தினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (விழுத்தியது நானில்லை, பிள்ளையார் என்று பல வருடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

எனக்கு அப்போது பதினொரு வயது. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்கு வந்திருந்தேன். அங்கே எனக்கிருந்த ஒரே சிநேகிதி, அம்மாவின் தங்கையான என் சின்னம்மா. அவவுக்கு முப்பத்தெட்டு வயது. ஆனாலும் திருவிழாவில் வாங்கிய கச்சான் கடலைக்கு என்னோடு சரிக்குச் சரி சண்டை பிடிப்பா. பெரிய மாமா கோபத்தில் மூக்கை விடைப்பதை என்னைவிடத் திறமாக நடித்துக் காட்டுவா.

அந்த வருடம் சின்னம்மாவுக்கு வேலை கிடைத்திருந்தது. முன்பள்ளி ஆசிரியை. நாலு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. பள்ளிக்கூடமோ தோட்டங்களுக்கு நடுவே, பஸ் எட்டிப் பார்க்காத ஒழுங்கையில். செப்டெம்பரில் சேரவேண்டும். அவவின் அண்ணன், அதாவது என் பெரிய மாமா, குறுக்கே நின்றார்.

"நாளுக்கு ரெண்டு தரம் உன்னை ஏத்தி இறக்க என்னாலை ஏலாது. சைக்கிள் ஓடத் தெரியாதவளுக்குக் கண்டறியாத வேலை ஒண்டு!"

ஊரில் பொடிபெட்டையெல்லாம் சைக்கிளில் பறக்கும்போது சின்னம்மாவுக்கு மட்டும் ஓடத் தெரியாது. பத்து வயதில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவ, அதன்பிறகு தொட்டதில்லை. அன்று பின்னேரமே என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனா.

"பிள்ளை, நீ எனக்குச் சைக்கிள் பழக்கு."

"விழுவியள், சின்னம்மா."

"விழுந்தால் எழும்புறன். நீ பழக்கு."

ஆசிரியைப் பதவி எனக்குத் தலைக்கேறிவிட்டது. கையில் பூவரசம் தடி. வீட்டுக்குப் பின்னாலிருந்த வெறுங்காணிதான் வகுப்பறை. "டீச்சர் சொல்லாமல் பிரேக் பிடிக்கக்கூடாது!" என்று கத்துவேன். (நானே கொழும்பில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டி ஓடியதில்லை. அதை யார் அங்கே போய்ச் சொல்வது?) வேலைக்குச் சேலையோடுதான் போகவேண்டும் என்று சேலையோடுதான் பழகினா. முதல் நாள் சேலை சங்கிலிக்குள் போனது. இரண்டாம் நாள் சின்னம்மா வேலிக்குள் போனா. முழங்காலெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு மறுநாள் எனக்கு முன்னே காணியில் நிற்பா. பன்னிரண்டாம் நாள் என்னையும் கரியரில் ஏற்றிக்கொண்டு எட்டுப்போட்டா!

வெள்ளிக்கிழமை காலை மாமா வைத்த பரீட்சை. தேறினால்தான் வேலைக்கு விடுவார். வீட்டிலிருந்து சந்திப் பிள்ளையார் கோயிலடிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். மாமா முன்னதாகவே போய்க் கோயில் வாசலில், தும்பைப்பூப் போன்ற வேட்டியோடு நின்றார்.

சின்னம்மா அம்புமாதிரி ஓடினா. மாடு வந்தது, மணியடித்து விலகினா. குழி வந்தது, சுற்றிப் போனா. பின்னாலிருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் என் பாடத்திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நாங்கள் பழகிய வெறுங்காணியில் கோயில் இல்லை. யாழ்ப்பாணத்து றோட்டிலோ நாலு பெடல் மிதித்தால் ஒரு கோயில். கோயிலைக் கண்டால் ஒரு கையை மட்டும் எடுத்து நெஞ்சில் வைக்கும் வித்தையை நான் சொல்லிக் கொடுக்கவேயில்லை.

கோயிலை நெருங்கவும் பூசை மணி அடித்தது.

"பிள்ளையாரே, இந்த வேலை எனக்கு வேணும்!" என்று சின்னம்மா இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினா. கண்ணையும் மூடினா. கரியரிலிருந்த நானும் (நல்ல வளர்ப்பு) கண்ணை மூடிக் கைகூப்பினேன். எங்களைக் கவனிக்கவேண்டிய மாமா, மணிச்சத்தம் கேட்டதும் றோட்டுக்கு முதுகைக் காட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தோப்புக்கரணத்தில் உட்கார்ந்தவரை எழுப்பியது எங்கள் சைக்கிளின் முன்சில்லு.

மூன்று பேரும் சைக்கிளும் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குள் கிடந்தோம். அப்போதுதான் தண்ணீர் இறைத்த செம்பாட்டு மண். மாமா காதிலிருந்து கையை எடுக்கவில்லை. வேட்டி மட்டும் காவியாகிவிட்டது.

"வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! நட வீட்டை!"

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். என் சிநேகிதியின் வேலையை நானே கெடுத்துவிட்டேன் என்பது அந்த வயதிலும் விளங்கியது. சின்னம்மா அழவில்லை. எழும்பி, சேலையைப் பிழிந்து செருகி, முன்சில்லை முழங்காலுக்கிடையில் பிடித்து ஹாண்டிலை நேராக்கினா.

"அண்ணை, நான் விழுந்தது கும்பிட்டதாலை. ஓடத் தெரியாததாலை இல்லை."

"என்னடி கதைக்கிறாய்?"

"பாத்துக்கொண்டு நில்லுங்கோ. டீச்சர், ஏறு!"

ஏறினேன். தெருமுனைவரை போய்த் திரும்பினோம். கோயில் வந்தது. ஐயர், பூக்காரி, தோட்டக்காரர் எல்லோரும் வாசலில் நின்று ஆவென்று பார்த்தார்கள். சின்னம்மா ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி கத்தினா.

"பிள்ளையாரே, கை வேலையா இருக்கு! பிறகு வாறன்!"

மாமாவையும் கடந்து வீட்டு வாசலில் போய்த்தான் நிறுத்தினா. மாமா அரைமணி கழித்து நடந்து வந்து, "திங்கட்கிழமை சேரவேணுமெண்டால் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வை" என்று மட்டும் சொன்னார். அந்த வேட்டி பிறகு வெளுக்கவேயில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கோப்பையை உடைத்தால், சோதனையில் கோட்டைவிட்டால், "என்ன, கும்பிட்டனியோ?" என்றுதான் கேட்பார்கள். நான் முதல்தடவை சாரதிப் பரீட்சையில் தோற்றபோது மாமா கோப்பாயிலிருந்து போன் எடுத்து அதையே கேட்டார்.

போன மாதம் ஊருக்குப் போனேன். சின்னம்மா இப்போது அந்த முன்பள்ளியின் தலைமை ஆசிரியை, ஓடுவது ஸ்கூட்டி. பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தா. சந்தி வந்ததும் வழக்கம்போலக் கத்தினா.

"பிள்ளையாரே, கை வேலையா இருக்கு! டீச்சர், எனக்கும் சேத்து நீ கும்பிடு!"

நான் இரண்டு கைகளாலும் அவவின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். விடவில்லை.