பன்னிரண்டு பக்கெட் நிழல்

செடிகொடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படித் தெரியாது என்பதும் ரொம்ப நாள் எனக்குத் தெரியாமலே இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னால் சின்னத் தோட்டம். மாலை வெயிலில் அங்கே நாற்காலி போட்டால் நாற்காலியே எழுந்து உள்ளே போய்விடும். மரம் வளர்ந்து நிழல் தருவதற்குள் எனக்கு ரிடையர்மென்ட் வந்துவிடும் என்று, பன்னிரண்டு பெயிண்ட் பக்கெட்டுகளில் வேகமாக வளரும் கொடியை வைத்து, நைலான் கயிற்றில் பந்தல் ஏற்றினேன். விதை கொடுத்த அலுவலக நண்பர், ஏதோ அவரைக் கொடி என்றார். (என்ன அவரை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.) நாலைந்து மாதத்தில் தரையில் பொட்டு வெயில் இல்லை. பொன்னிறத்தில் பட்டுப்போல முடி போர்த்திய காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. உயர்ந்த ரகம் போல என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த மார்ச்சில் என் தங்கை ஷீலாவைப் பெண் பார்க்க, குரோம்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை டேவிட்டும் அவருடைய அப்பா, அம்மாவும் வந்தார்கள். ஹாலிலேயே உட்காரட்டும் என்று அம்மா கெஞ்சினாள். நான் விடவில்லை, பந்தலுக்கடியில் உட்காரவைத்தேன்.

முதலில் டேவிட் கழுத்தைச் சொறிந்தார். வெட்கம் என்று நினைத்தேன். பிறகு அவர் அப்பா முழங்கையைச் சொறிந்தார். வெட்கப்படுகிற வயசில்லையே என்று குழம்பி, கொசுவர்த்தி ஏற்றினேன். எனக்கும் அரித்தது. வாடகை நாற்காலியில் மூட்டைப்பூச்சியோ என்று எல்லோரையும் எழுப்பி நாற்காலி மாற்றினேன். வடையில் ஏதோ ஒத்துக்கவில்லையோ என்று தட்டையே பிடுங்கினேன். கடைசியில், புழுக்கம்தான் காரணம் என்று பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து, பந்தலைப் பார்த்துத் திருப்பி முழு வேகத்தில் வைத்தேன்.

மூன்று பேரும் இரண்டு கையாலும் சொறிய ஆரம்பித்தார்கள்.

டேவிட்டின் அம்மா தாவரவியல் டீச்சர். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இது என்ன கொடி?"

"அவரை, ஆன்ட்டி."

"சமைச்சுப் பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல. இன்னைக்கு உங்களுக்குப் பறிச்சுக் குடுக்கலாம்னு இருந்தேன்." (பையும் தயாராக இருந்தது.)

"இது பூனைக்காலி. காய்ல இருக்கற முடி பட்டாலே அரிக்கும். முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க."

எல்லோரும் ஹாலுக்கு ஓடினோம். சொறியக் கூடாது, செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் முடி வந்துவிடும் என்றார் ஆன்ட்டி. பட்டுச்சேலையோடு காபித் தட்டு எடுக்க நின்ற ஷீலா, அதற்குப் பதிலாகத் தன் ஸ்கூல் பையிலிருந்து டேப்பை எடுத்துவந்தாள். அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வருங்கால மாப்பிள்ளையின் கழுத்தில் டேப்பை ஒட்டிக்கொண்டே, "ஆடாம உட்காருங்க" என்றாள். அதுதான் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இருந்தது ஒரே ரோல். என் முறை வருவதற்குள் தீர்ந்துபோனது.

மூன்று நாள் தகவல் இல்லை. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஆன்ட்டி போன் செய்து, பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, நிச்சயதார்த்தத்தை மட்டும் ஏதாவது மண்டபத்துக்குள்ளே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

இப்போதும் லவ் மேரேஜா, அரேஞ்சுடா என்று யாராவது கேட்டால் டேவிட் என்னைக் கைகாட்டுவார்.

"ரெண்டும் இல்லீங்க. மச்சான் அரிக்க வெச்சாரு, இவ ஒட்டிக்கிட்டா."