கிளாஸி சாருக்குத் தெரிந்த கத்தரிக்காய்

நெய்வேலி நகரியத்தில் எந்தப் பொருளும் கிளாஸி சாரின் அனுமதி இல்லாமல் பளபளத்ததில்லை. வாசல் கதவைத் துடைத்துவிட்டு உள்ளே போவதற்குள் கரித்தூசி மறுபடி வந்து உட்காரும் ஊர் இது. இங்கே ஒருவர் பணி ஓய்வு பெறும்வரை பளபளப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும் வழங்கியது. நிலக்கரி மைன்ஸில் இயந்திரங்களுக்கு அடித்த பெயிண்டைப் பார்த்துச் சரி சொல்வது அவர் வேலை. பெயிண்ட் டப்பாவில் அச்சிட்டிருந்த 'கிளாஸி' என்ற ஆங்கிலச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்ததால் அது என் வீட்டுக்கும் வந்தது.

வழவழப்பாகவும் மினுமினுப்பாகவும் இருந்தால் அது கிளாஸி என்கிறது அகராதி. முடி, இலை, பத்திரிகை அட்டை, குதிரை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். கிளாஸி சார் அவ்வளவு தாராளம் கிடையாது. ஒருநாள் ஷிப்ட் பஸ்ஸில் ஒரு குறும்புக்காரர் கேட்டார்.

"சார், நம்ம மேனேஜர் தலை கிளாஸிதானே?"

இவர் உண்மையாகவே யோசித்தார். "இல்லப்பா. அது ஷைனி. வேர்வை. துடைச்சுப் பாரு. துடைச்ச பிறகும் இருந்தா வந்து சொல்லு, ஒத்துக்கறேன்."

மேனேஜர் முன் சீட்டில் இருந்தார். இறங்கும்வரை திரும்பவில்லை.

கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தால் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். "பேப்பர் கிளாஸி" என்று திருப்பிக் கொடுப்பார். மணமக்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எங்கள் பிளாக்கின் வாட்ஸப் குழுவில் யாராவது நெய் ரோஸ்ட் படம் போட்டால் உடனே பதில் வரும்: "நாட் கிளாஸி. நெய்."

இப்படிப்பட்டவரைத்தான் குடியிருப்போர் சங்கம் தன் காய்கறிக் கண்காட்சிக்கு நடுவராக வைத்திருந்தது. கத்தரிக்காய்க்கு 'தோல் கிளாஸியாக இருக்க வேண்டும்' என்ற விதியை எழுதியவரும் அவரே. நடுவர் வீட்டார் கலந்துகொள்ளக் கூடாது என்பது இன்னொரு விதி. அவர் மனைவி ரெஜினா அக்கா தோட்டத்துக் கத்தரிக்காய் அந்தத் தெருவுக்கே போகும். பரிசுக்கு மட்டும் போனதில்லை.

அவர் ஓய்வு பெறவிருந்த வருடம், கண்காட்சிக்கு முந்தின வாரம், வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா குரல் கேட்டது.

"ஊர்ல இருக்கறவங்க காய்க்கெல்லாம் பரிசு குடுத்துக்கினே இருக்கீங்க. ரிடையர் ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். அப்புறம் இந்தத் தோட்டம் ஏதுங்க? ஒரு தடவ என் காய வெக்கிறேன்."

"ஜட்ஜ் பொண்டாட்டி எப்படி வெக்க முடியும்?"

"அப்ப ஜட்ஜா இருக்காதீங்க."

நடுவர் பதவியை விட அவருக்கு மனமில்லை. நகரியத்தில் அவர் வார்த்தை சட்டமாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

கண்காட்சி அன்று நெஞ்சில் நடுவர் பேட்ஜுடன் வந்து நின்றார். சற்று நேரத்தில் அக்காவும் தட்டோடு வந்தார். மேஜையின் கடைசியில் தட்டை வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். எல்லோரும் நெருங்கி வந்து நின்றுகொண்டார்கள்.

கிளாஸி சார் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தார். ஒரு காயைத் துடைத்தார். கைக்குட்டையில் எண்ணெய்க் கறை. அதற்கு உரியவர் கோவில்பட்டிக்காரர்.

"லேசா தேங்காண்ணெ தொட்டு வச்சேன். அது ஒரு குத்தமா சார்?"

"தலைக்குத் தடவுங்க சார். முடி கிளாஸியா இருக்கும்."

அடுத்த தட்டிலும் எண்ணெய். அதற்கடுத்ததில் மெழுகு. இன்னொன்றில் வாசனை வந்தது, ஷூ பாலிஷ். போட்டியாளர்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, அவர் கடைசித் தட்டுக்கு வந்து நின்றார்.

கைக்குட்டையை நீட்டினார். பிறகு மடித்துப் பையில் வைத்தார். பேட்ஜைக் கழற்றி, பக்கத்தில் நின்ற பி.டி. மாஸ்டரின் சட்டையில் குத்தினார்.

"நீங்க பாருங்க மாஸ்டர். இந்தக் காய எனக்குத் தெரியும்."

கோவில்பட்டிக்காரர் விடவில்லை. "நல்லா அழுத்தித் துடைங்க மாஸ்டர், சாயம் போகுதான்னு பாப்போம்."

மாஸ்டருக்குத் தெரிந்தது கிரிக்கெட். காயை எடுத்துப் பந்தைப் போலப் பேண்ட்டில் தேய்த்தார், பந்து வீசப் போகிறவர் மாதிரி. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் காயைத் தூக்கிக் காட்டினார். ஊதா நிறம் அப்படியே மின்னியது. பேண்ட்டில் ஒரு கறை இல்லை. கோவில்பட்டிக்காரரே முதலில் கை தட்டினார்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "முதல் பரிசு ரெஜினா மேடம். நல்ல ஷைனியான கத்தரிக்காய்!"

"கிளாஸி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. "மாஸ்டர், கிளாஸின்னு சொல்லுங்க!"

"நீங்கதான் ஜட்ஜ் இல்லியே சார்?"

"ஜட்ஜ் இல்லதான். அதுக்காகக் காதுல விழறத விட முடியுமா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்று பரிசுக் கோப்பை ஸ்கூட்டரின் முன் கொக்கியில் தொங்கியது. பின் சீட்டில் அக்கா கத்தரிக்காய்த் தட்டை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தார். காய்மேல் தூசி படக் கூடாதென்று கிளாஸி சார் நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டினார். பின்னால் ஷிப்ட் பஸ் வந்தது. டிரைவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பிளாக் திருப்பம் வரை அவர் ஹாரன் அடிக்கவில்லை.