சாயத் தண்ணிக்கு நான் சொன்ன சாட்சி

யாராவது கேள்வி கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது. ரெண்டாங் கிளாஸோடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்போது சேர்த்துச் சொல்கிறேனோ என்னவோ.

நாற்பது வருஷம் சாயப்பட்டறையில் மாஸ்டர். ஆள் முகம் மறக்கும், கலர் மறக்காது. என் கல்யாணத்தன்று பொண்ணு முகத்தைப் பார்க்கும் முன்னால் முகூர்த்தச் சேலையைப் பார்த்து, "இந்தச் செவப்பு வெளுக்கும்" என்றவன் நான். (வெளுத்தது. திட்டு இன்னும் ஓயவில்லை.)

போன சித்திரையில், பருவம் தப்பிப்போவதைப் பற்றி வீடியோ எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணு வந்தது. வெயில் காய வேண்டிய மாசத்தில் முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்திருந்தது. "பெரிய விஷயமெல்லாம் வேணாம் ஐயா, உங்க சொந்தக் கதையைச் சொல்லுங்க" என்றது.

இதைக் கேள்விப்பட்டு என் மகளைக் கட்டின மாப்பிள்ளை ஓடி வந்தார். நான் விட்ட பட்டறையில் இப்போது அவர்தான் மாஸ்டர். மழை வந்தால் சில பட்டறைக்காரர்கள் சுத்தம் பண்ணாத சாயத்தை வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிடுவார்கள். அவருடைய முதலாளியும் அந்த ரகம்.

"மாமா, மழையப் பத்திப் பேசுங்க, வெயிலப் பத்திப் பேசுங்க. பட்டறை மட்டும் வேண்டாமுங்க. எம்பொழப்பு போயிரும்."

சரியென்று தலையாட்டினேன். நம்பாமல் கூடவே வந்து எனக்குக் குடை பிடித்தார்.

நொய்யல் கரையில் நின்று நன்றாகத்தான் பேசினேன். ஆற்றில் குளித்தது, வெள்ளத்தில் எருமை போனது, அது போய்ச் சேர்ந்த ஊர்க்காரர் ரெண்டு கல்யாணம் பண்ணினது எல்லாம் சொன்னேன். பொண்ணு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப இந்தத் தண்ணியைப் பாத்தா என்ன தோணுது ஐயா?" என்றது.

அது எதிர்பார்த்தது கண்ணீரை. நான் குனிந்து ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

"மெரூன், அம்மிணி. உப்புப் பத்தல. அதான் சாயம் துணியில ஏறாம தண்ணியோட வந்துருச்சு. உப்புல இத்தன கஞ்சத்தனம் பண்ற மாஸ்டர் இந்த ஊர்ல ஒருத்தருதான்." சொல்லிவிட்டுத் திரும்பினேன். "ஏனுங்க மாப்ள, எத்தன தடவ சொல்லியிருக்கறேன்?"

குடை கீழே விழுந்தது. கேமரா விழவில்லை.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதிகாரிகள் வந்து பட்டறையைப் பூட்டினார்கள். வேலை போன மாப்பிள்ளை குடும்பத்தோடு எங்கள் ஊட்டுக்கு வந்து மூன்று மாசம் தங்கினார். என் சம்சாரம் அவருக்குக் கறி வைத்தாள். எனக்குப் பழைய சோறு. வீடியோவில் என்னைத் துணிச்சலான பெரியவர் என்று போட்டிருந்தார்களாம். ஆற்றுக்காக நான் வாய் திறக்கவேயில்லை, கலருக்காகத்தான் திறந்தேன்.

இப்போது மாப்பிள்ளை முதலிபாளையத்தில், சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப உபயோகிக்கிற கம்பெனியில் இருக்கிறார். நான் அவர்கள் ஊட்டுக்குச் சாப்பிடப் போனால், மகள் ரசம் ஊற்றியதும் அவர் எழுந்து போய் எல்லார் போனையும் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்காருகிறார்.

"இப்பச் சொல்லுங்க மாமா. உப்பு எப்படிங்க?"